பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ரோடு பைக்

தீபாவளிக்கு வந்திருந்த அக்கா மகன் போனில் ஒரு ரோடு பைக்கின், அதாவது ரேஸ் சைக்கிளின், படத்தைக் காட்டினான். கறுப்பு ஃப்ரேம், சிவப்புக் கோடு, ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர். "21 கியர் மாமா. ஷிமானோ. 11,999 ரூபாய்தான். வாங்கிடவா?" ஷிமானோ என்பது கியர் செய்யும் ஜப்பான் கம்பெனி.

அவனிடம் பதினான்காயிரம் இருந்தது. பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு எட்டு மாதம் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். சென்னையில் மேடவாக்கத்திலிருந்து கிண்டியில் இருக்கும் கல்லூரிக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், வரிசையாகப் போகிறார்களே, அவர்களோடு தானும் போக வேண்டும். இதுதான் அவன் கணக்கு. இன்றுவரை அவன் ஓட்டுவது பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள். அந்தச் சைக்கிளிலேயே ஒருமுறை மாமல்லபுரம் போய் வந்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் சொன்னான். அம்மாவுக்குத் தெரியாதாம்.

அதைக் கேட்ட பிறகு, எதையோ ஒன்றை வாங்கிக்கொள் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மாமல்லபுரம் வரை மிதித்தவனுக்கு நல்ல சைக்கிள் கிடைக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. 2017-ல் நானும் இதே மாதிரி ஒன்றை 9,500 ரூபாய்க்கு வாங்கினேன்.

முதல் மாதம் நன்றாகத்தான் ஓடியது. இரண்டாம் மாதம் பின்சக்கரம் வளைந்து கோட்டம் அடித்தது. கோட்டம் எடுத்தால் பதினைந்து நாளில் மறுபடி அடிக்கும். ஏழாம் மாதம், ஒரு ஞாயிறு காலை ஆறரை மணி இருக்கும், உத்தண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஃப்ரேமில் உரசி நின்றுவிட்டது. நான் விழவில்லை. எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரி விலகிப் போனது. அந்த லாரியின் காற்று முதுகில் அடித்தது இன்னும் நினைவிருக்கிறது.

பின் அச்சு இரண்டாக முறிந்திருந்தது. திருவான்மியூர் மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய் அதைக் கழற்றி இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். முறிந்த இடத்தில் பாதி கறுத்திருந்தது, பாதி பளபளவென்று இருந்தது. "கறுத்திருக்கே, அது முன்னாடியே விட்டுப்போன விரிசல் தம்பி. மீதிதான் இன்னிக்கு உடைஞ்சது" என்றார். பிறகு ஹப்பைத் திருப்பிக் காட்டினார். மலிவுக் கியர் சைக்கிளில் பல்சக்கரங்கள் எல்லாம் ஒரே கட்டாக, பிரீவீலாக, ஹப்பின் மேல் மரை போட்டு முறுக்கப்பட்டிருக்கும். பால்ரஸ் குண்டுகள் அதற்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கும். ஏழு பல்சக்கரங்களின் அகலத்துக்கு அச்சு தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் நம் எடை அந்த நீட்டலின் மேல்தான் இறங்குகிறது. கொஞ்சம் விலை கூடிய சைக்கிள்களில் பல்சக்கரங்கள் கேசட்டாக வரும். அவை உட்காரும் உருளைக்குள்ளேயே, வலது ஓரத்துக்கு அருகில், ஒரு தாங்கல் இருக்கும். அச்சு வளைய இடம் குறைவு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

அந்த ஒரு வருடத்தில் ஆன செலவை எழுதி வைத்திருந்தேன். டயர் ஜோடி 1,700. பிரேக் 1,200. புதுப் பின்சக்கரம் 2,900. பெடல் 450. கூலி 900. மொத்தம் 7,150. ஆக அந்த 9,500 ரூபாய் சைக்கிளுக்கு நான் கொடுத்தது 16,650. விற்கும்போது 3,000 கிடைத்தது.

இதைச் சொன்னதும் அவன் கேட்டான்: "தாத்தாவோட ஹெர்குலிஸும் சாதாரண சைக்கிள்தானே மாமா? அது முப்பது வருஷம் ஓடுச்சே?"

நல்ல கேள்வி. நான் இரண்டு நாள் அதை யோசித்தேன். அப்பாவின் சைக்கிள் 1949-ல் இந்த ஊரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் செய்தது, அம்பத்தூர் சரக்கு. துல்லியம் என்று பார்த்தால் அதில் எதுவும் துல்லியம் இல்லை. ஆனால் அந்த வடிவமே பிசகைத் தாங்குகிற வடிவம். முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40 கம்பி. நான்கு கம்பி தளர்ந்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும். டயர் பருமன், கனத்த ரிம், ஒரே ஒரு பல்சக்கரம். எங்கே என்ன அரை மில்லிமீட்டர் விலகினாலும் அது பாட்டுக்கு ஓடும். ரோடு பைக் அப்படி இல்லை. ஒல்லி ரிம், குறைந்த கம்பி, 25 அல்லது 28 மில்லிமீட்டர் டயர், ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர். எல்லாம் சரியாகச் செய்யப்பட்டிருந்தால் மட்டுமே வேலை செய்யும் பொருள் அது. மலிவான ரோடு பைக்கில் அந்தச் செய்நேர்த்திக்குத்தான் பணம் போதாமல் போகிறது. நமக்குக் கிடைப்பது அதன் உருவம்.

சரி, படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று சனிக்கிழமை மாலை இருவரும் கடைக்கே போனோம். கடை எது என்று இங்கே எழுதவில்லை. கடைக்காரர் மரியாதையாகவே நடந்துகொண்டார், ஓட்டிப் பார்க்கவும் கொடுத்தார்.

முதலில் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். இடைவெளி விரிந்து சுருங்கி, ஒரு இடத்தில் கட்டையைத் தொட்டு 'சர்ர்' என்றது. கம்பிகளை இரண்டிரண்டாக விரல்களால் அழுத்திப் பார்த்தேன். சில கம்பிகள் வீணைத் தந்தி மாதிரி விறைப்பு, அடுத்தது கொடிக்கயிறு மாதிரி தொய்வு. விறைப்பு ஒரே சீராக இல்லாத சக்கரத்தில் எடை சில கம்பிகளில் மட்டும் ஏறும், அவைதான் ஒவ்வொன்றாக அறுபடும். அப்புறம் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, அச்சை இரண்டு விரலால் பிடித்துத் திருகினேன். உள்ளே மணல் இருப்பது போல நறநறத்தது. புது சைக்கிள். கிரீஸ் போதாது, பால்ரஸ் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோன் அதிகமாக இறுக்கப்பட்டிருக்கிறது. இது சரிசெய்யக் கூடியதுதான். பாய் அரை மணி நேரத்தில் கழற்றி, கிரீஸ் வைத்து, ஓவராயில் செய்துவிடுவார். ஆனால் புதிதாக வாங்கியதை நேராக ஓவராயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரேக்கைப் பிடித்தேன். பிடி ஹேண்டில்பாரைத் தொடுகிற வரை வந்தது. குனிந்து பார்த்தால், கட்டை ரிம்மை அழுத்துவதற்குப் பதிலாகத் தகட்டில் செய்த பிரேக் கைகள் முறுக்கிக்கொண்டு நெளிகின்றன. வளைந்த ஹேண்டில்பாரின் மேல் நேர்ப்பகுதியில் கூடுதலாக ஒரு குட்டிப் பிரேக் பிடி வைத்திருந்தார்கள். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அது வசதியாகத் தெரியும். ஆனால் அதை முழுக்க இழுத்தாலும் பிரேக் முழுக்கப் பிடிப்பதில்லை. ஐப்பசி மழையில், பள்ளிக்கரணைச் சாலையில், முன்னால் போகிற ஷேர் ஆட்டோ திடீரென்று நின்றால் இவன் என்ன செய்வான் என்றுதான் எனக்கு யோசனை ஓடியது. கியர் மாற்றும் பொத்தான்கள் நடுவில், ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டுக்குப் பக்கத்தில் இருந்தன. கியர் மாற்ற ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்க வேண்டும். காலி ரோட்டில் பரவாயில்லை. வேளச்சேரி விஜயநகர் சந்திப்பில் ஒரு கை கியரிலும் ஒரு கை அரைகுறைப் பிரேக்கிலும் இருக்கக் கூடாது.

"ஷிமானோ" என்பது பொய் இல்லை. பின்னால் செயினைத் தள்ளுகிற அந்த ஒரு பாகம் மட்டும் ஷிமானோ. பெடல் மாட்டும் கிராங்க், ஹப், பிரேக் எல்லாம் பெயரில்லாதவை. 21 கியர் என்பதும் அப்படித்தான்: முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கினால் 21. ஷிமானோவின் ரோடு வரிசையில் கிளாரிஸ் என்ற கியர் செட்டில் பின்னால் எட்டு, அதற்கு மேலே உள்ள சோராவில் ஒன்பது. முன்னால் இரண்டு போட்ட கிளாரிஸ் சைக்கிளில் கியர் 16 தான். எண்ணிக்கை குறைவு, சைக்கிள் எவ்வளவோ மேல்.

அவன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அந்த வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்து மிதிக்கும்போது வரும் உணர்வு எனக்கும் தெரியும், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவன் இறங்கிய விதத்தைக் கவனித்தேன். அவன் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்க முடியவில்லை, நடுக்கம்பி இடித்தது. கைகள் பிரேக் பிடியை எட்ட, தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. "சின்ன சைஸ் இருக்கா?" என்று கேட்டேன். ஒரே சைஸ்தான் வருகிறதாம்.

என்னைப் பொறுத்தவரை பேச்சு அங்கே முடிந்துவிட்டது. டயரை மாற்றலாம், பிரேக்கை மாற்றலாம், சக்கரத்தைக்கூட மாற்றலாம். ஃப்ரேமின் அளவை மாற்ற முடியாது. அளவு தப்பிய சைக்கிளில் தினமும் இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் முழங்காலும் கழுத்தும் கேட்கும். ஆறு மாதத்தில் அது மாடிப்படிக்கு அடியில் போய்விடும்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்போ இந்தக் காசுக்கு ரோடு பைக்கே கிடையாதா?" என்று மெதுவாகக் கேட்டான்.

புதிதாக என்றால் கிடையாது என்றே சொன்னேன். காரணம், ரோடு பைக்கில் காசு எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. பிரேக்கும் கியரும் ஒரே பிடிக்குள் இருக்கும் அமைப்பை ஷிமானோ 1990-ல் கொண்டுவந்தது. வளைந்த ஹேண்டில்பாருக்கான அந்தப் பிடிகள் ஒரு ஜோடியே பல ஆயிரம் ரூபாய். பன்னிரண்டாயிரத்தில் அதைப் போட முடியாது. போட்டால் ஃப்ரேமுக்கும் சக்கரத்துக்கும் மிச்சம் இருக்காது. நேரான ஹேண்டில்பாருக்கான பிரேக் பிடியும் கியர் பொத்தானும் லட்சக்கணக்கில் செய்யப்படுகிற மலிவான, நல்ல சாமான்கள். அதனால் அதே விலையில் நேர் ஹேண்டில்பார் வைத்த ஒரு சாதாரண சைக்கிள், கியரே இல்லாததுகூட, உருப்படியாக இருக்கும். நான்கைந்து கிலோமீட்டர் போய் வருகிறவர்கள் யார் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன். சென்னையில் மேம்பாலங்களை விட்டால் மேடு ஏது? கியர் இல்லாமலே ஓட்டலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும் ஒரு நல்ல காரியம்.

மேடு இல்லாத ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலிவு சைக்கிளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எடையைத்தான் குறை சொல்வார்கள். சமதரையில் மூன்று நான்கு கிலோ கூடுதல் எடை பெரிய விஷயமே இல்லை. வேகம் இருபது கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் நாம் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் காற்றோடு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். ஈசிஆரில் ஓட்டுகிறவர்களுக்கு இது உடம்பில் தெரியும். கோடையில் முற்பகல் ஆகிவிட்டால் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும்பிவிடும், மாமல்லபுரம் போகிற பக்கம் முகத்தில் அடிக்கும். வடகிழக்குப் பருவக்காலத்தில் நேர்மாறு, போகும்போது தள்ளிவிடும், திரும்பும்போது வட்டியோடு வாங்கிக்கொள்ளும். அப்போது கையைக் கீழ்ப் பிடிக்கு இறக்கிக் குனிய முடிவதுதான் அந்த வளைந்த ஹேண்டில்பாரின் உண்மையான பயன். ஆகவே அவன் கேட்டது வெறும் அழகுக்காக இல்லை. அந்த ஆசையில் நியாயம் இருந்தது.

அப்புறம்தான் பழைய சைக்கிள் தேடலாம் என்ற யோசனை வந்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கு தளர்ந்த பிறகு ஊரே சைக்கிள் வாங்கியது நினைவிருக்கும். கடைகளில் சரக்கு தட்டுப்பாடு, வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஓஎம்ஆர் பக்கம் எத்தனை அடுக்குமாடி பால்கனிகளில் அந்தச் சைக்கிள்கள் துணி காயப் பயன்படுகின்றன என்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும். பெருங்குடியில் நான்காவது மாடியில் அப்படி ஒன்று கிடைத்தது. அலுமினியம் ஃப்ரேம், கிளாரிஸ் கியர், சின்ன சைஸ். 14,000 சொன்னார்.

பழையதைப் பார்ப்பது வேறு வேலை. ஃப்ரேமில் குழாய்கள் சேரும் வெல்டிங் ஓரங்களை, குறிப்பாக ஹேண்டிலுக்குக் கீழேயும் பெடல் அச்சைச் சுற்றியும், டார்ச் அடித்துப் பார்த்தேன். மயிரிழை அளவு கோடு இருந்தாலும் வேண்டாம் என்று வந்துவிட வேண்டும். விரிசல் இல்லை. அடுத்து, கடற்கரை ஊர்க்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று: சீட் கம்பி அசைகிறதா என்பது. உப்புக் காற்றில் வருடக்கணக்கில் நின்றால் சீட் கம்பி ஃப்ரேமோடு ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் யார் உயரத்துக்கும் மாற்ற முடியாது. போல்ட்டைத் தளர்த்தி இரண்டு பேரும் பிடித்துத் திருகினோம். முதலில் அசையவில்லை. இன்னொரு முறை முறுக்கியதும் 'கிரீச்' என்று வெள்ளைப் பொடி உதிர்ந்து சுற்றியது. அந்தச் சத்தத்தில் எனக்குப் பாதி நிம்மதி.

செயினுக்கு அவனையே பள்ளிக்கூட ஸ்கேல் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம். ஒரு ஆணியின் நடுவில் சுழியத்தை வைத்தால், 24 கண்ணி தள்ளி உள்ள ஆணி சரியாக 12 அங்குலக் கோட்டில் விழ வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி விழுந்தால் செயின் மட்டும் இல்லை, பல்சக்கரங்களும் தேய்ந்துபோயிருக்கும். இதில் ஆணி கோட்டிலேயே விழுந்தது. ஓட்டவே இல்லை என்று அவர் சொன்னது உண்மைதான். டயர் இரண்டும் வெடித்து வரிவரியாக இருந்தன, அதைக் காட்டி விலை பேசினோம். 11,500-க்கு முடிந்தது. வாங்கியபோது போட்ட பில்லையும் கேட்டு வாங்கிக்கொண்டோம், ஃப்ரேம் நம்பர் அதில் இருந்தது. பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் இதை விட்டுவிடக் கூடாது. வேறொரு பையனிடமிருந்து திருடியதாக இருந்துவிடக் கூடாது அல்லவா?

டயர், டியூப், கேபிள், பிரேக் கட்டை, பாயின் கூலி எல்லாம் சேர்ந்து 4,300 ஆனது. மொத்தம் 15,800. பதினான்காயிரம் அவனுடையது, மீதி 1,800 நான் போட்டேன். ஹெல்மெட்டும் பின்விளக்கும் அக்கா வாங்கிக் கொடுத்தாள். மாமல்லபுரம் கதையை அவன் அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னான்.

பாய் கடையில் ஒரு சின்னப் பாடம் நடந்தது. நம் ஊர் சைக்கிளில் காற்றடிக்கும் வாயில் ரப்பர் வால்டியூப் இருக்கும். இந்த டியூபில் இருப்பது பிரெஸ்டா, ஒல்லியாக, நுனியில் குட்டி மரையோடு இருக்கும். தெருவோரப் பம்ப் எதுவும் அதில் பிடிக்காது. பாய் டப்பாவைத் துழாவி ஒரு பித்தளைத் துண்டை எடுத்து அவன் கையில் வைத்தார். "இத சாவிக்கொத்துல போட்டுக்கோ கண்ணு. இது இருந்தா எந்தப் பெட்ரோல் பங்க்லயும் காத்து அடிச்சுக்கலாம். இல்லேன்னா தள்ளிக்கிட்டுதான் போகணும்." ஒரு ஸ்பேர் டியூபையும் சீட்டுக்கடியில் கட்டிக் கொடுத்தார். இந்த 700 அளவு டியூப் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. நம் 28 அங்குல டியூப் பார்க்க ஒன்று போல இருந்தாலும் அந்த ரிம்மே கொஞ்சம் பெரியது. காற்று எண்பது பிஎஸ்ஐ பக்கம் இருக்கட்டும் என்றும் சொன்னார். மெட்ரோ வேலைக்காக ரோட்டில் போட்டிருக்கும் இரும்புத் தகடுகளின் விளிம்பில் காற்று குறைந்த ஒல்லி டயர் ஏறினால், டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

மார்கழி இரண்டாவது ஞாயிறு. காலை ஏழே காலுக்குப் போன் வந்தது. பின்னால் காற்றின் இரைச்சல்.

"மாமா, கோவளம் வரைக்கும் வந்துட்டேன். வர்றப்ப பறந்து வந்தேன். இப்பத் திரும்புறேன், காத்து எதிர்ல தள்ளுது."

"பிரேக் பிடியிலயா பிடிச்சிருக்க?"

"ஆமா."

"கையைக் கீழே இறக்கிப் பிடி. முழங்கையைக் கொஞ்சம் மடக்கு. முட்டுக்காடு பாலத்துல பக்கவாட்டுல அடிக்கும், அங்க மட்டும் பார்த்துப் போ."

"சரி மாமா" என்று வைத்துவிட்டான்.